நாக்கடியில் ஒரு கல் உப்பு

நான் எச்சில் வாங்கும் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சொல்லிவிட்டு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கொரு தனி ருசி. கல்யாணப் பந்தியில் ஒருமுறை சொன்னபோது பக்கத்து இலைக்காரர் கையிலிருந்த அப்பளத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

முறையாகச் சொல்வதென்றால், ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருத்தெருவாக முகாம் போட்டு, மக்களின் உமிழ்நீரைச் சின்ன டியூபில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அவர்களுக்கு ஈறு நோய் வரப்போகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. வந்துவிட்டதா என்று இல்லை, வரப்போகிறதா என்று. அந்த 'போகிறதா'வில்தான் நான் விழுந்தேன்.

எங்கள் டாக்டரம்மா ஈறு நோய்க்கென்றே படித்தவர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், வேகமாகப் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் சொன்னது இது: ஈறுக்கடியில் கிருமி சேர்ந்தால் உடம்பின் வெள்ளை அணுக்கள் அங்கே சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையில் ஒரு நொதி வெளியே வரும். பல்லைப் பிடித்து வைத்திருக்கும் சதையை அந்த நொதி அரிக்கும். அரிக்கிறபோதே கொஞ்சம் எச்சிலிலும் கலந்துவிடும். அந்த நேரத்தில் பல் ஆடாது, வலிக்காது, கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"ஆனா எச்சிலுக்குத் தெரியுங்க," என்றார்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டை இருக்கிறது. கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரியே இருக்கும். எச்சிலைச் சொட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் பயமில்லை. இரண்டு கோடு வந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது என்று சந்தேகப்படலாம். "இது ஜோசியம் இல்லைங்க," என்று டாக்டர் ஒவ்வொரு முகாமிலும் தவறாமல் சொல்வார். இரண்டு கோடு வந்தவர்களை உட்கார வைத்து, அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார், அதற்கப்புறம்தான் வாய் திறப்பார்.

முதன்முதலாக என் கண் முன்னால் ஒரு பட்டையில் இரண்டாவது கோடு எழும்பி வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் சந்தேகம் போல ஒரு நிழல். அப்புறம் சிவப்பாக ஒரு கோடு. பட்டையை விளக்கருகே கொண்டுபோய் மறுபடியும் பார்த்தேன். எச்சிலைத் துப்புவதற்கும் போலீஸ்காரர் தேடுகிற துப்புக்கும் தமிழில் ஒரே வார்த்தைதான். இத்தனை வருடம் இரண்டையும் வேறு வேறாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டும் ஒரே டியூபில் இருந்தன.

தெருவில் இறங்கியபோது முதல் சிக்கல் வார்த்தையில்தான் வந்தது. ஒப்புதல் படிவத்தில் 'உமிழ்நீர்' என்று அச்சிட்டிருந்தார்கள். திருவொற்றியூரில் ஒரு அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "உமி ஊற வெச்ச தண்ணியா? எங்க வூட்ல மாடே இல்லியேம்மா," என்றார். எச்சில் என்று சொன்னால் முகம் சுளித்தார்கள். துப்புங்கள் என்றால் காறித் துப்பினார்கள். எங்களுக்கு வேண்டியது காறல் இல்லை. தலையைக் குனிந்து, வாயைத் திறந்து, தானாக ஊறுகிற எச்சிலைத் தானாகவே வழியவிட வேண்டும். "கொயந்த மாதிரி ஜொள்ளு வுடச் சொல்றியா?" என்று கேட்டார் ஒரு லாரி டிரைவர். அன்றிலிருந்து நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன், எல்லோருக்கும் உடனே புரிந்தது.

இந்த வேலையில் எனக்கு ஏன் இத்தனை வெறி என்பதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவள். படகு வந்து கூடைகள் இறங்கியதும் நடுவில் போய் நிற்பாள். சுற்றி வியாபாரிகள் வட்டமாக நிற்பார்கள். வாங்குகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், விரல்தான் தூக்குவார்கள். வாய் முழுக்க ஏலக்காரிக்கே சொந்தம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" மூன்றாவது தரம் விழும்போது கடைசியாக எந்த விரல் நின்றதோ அவருக்கு மீன். சின்ன வயதில் நான் அந்த வட்டத்தில் நின்று தலையைச் சொறிந்ததற்கு அடி வாங்கியிருக்கிறேன். ஒரு கூடை வஞ்சிரம் என் தலையில் விழ இருந்ததாம்.

நாற்பது தாண்டியதும் அம்மாவுக்குப் பல் ஆடத் தொடங்கியது. வலிக்கவில்லை, அதனால் டாக்டரிடம் போகவில்லை. ஒவ்வொன்றாக விழுந்தது. "நம்ம வம்சத்துப் பல்லே இப்டித்தான்," என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். முன்பல் இல்லாமல் 'த' சொல்லிப் பாருங்கள். நாக்கு போய் முட்டுவதற்கு இடமே இருக்காது. அம்மாவின் 'தரம்' காற்றாகிப் போனது. ஒருநாள் காலை ஒரு கூடை கவலை மீன் ஏலத்துக்கு வந்தது; மத்தி மாதிரிச் சின்ன மீன், பெயரே கவலைதான். அவள் சொன்னது இரண்டாவது தரமா மூன்றாவது தரமா என்று இரண்டு வியாபாரிகளுக்குள் தகராறு. ஒருவர் கூடையை இந்தப் பக்கம் இழுக்க, மற்றவர் அந்தப் பக்கம் இழுக்க, மீன் எல்லாம் தரையில். ஏலக்காரியின் மூன்றாவது தரத்தில் சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் அவளை யாரும் நடுவில் நிற்க விடமாட்டார்கள். அம்மா இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போனாள். சாகிற வரைக்கும் சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வரும்.

அம்மா விட்ட இடத்தில் அக்கா போய் நின்றாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் குரல் கேட்டால் ஐஸ் லாரி டிரைவர்கள்கூட ஹாரனை நிறுத்திவிடுவார்கள். மாமாவுக்கு இடுப்பில் அடிபட்டுக் கடலுக்குப் போவது நின்ற பிறகு, அவர்கள் வீடு ஓடுவது அவள் வாயால்தான். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அம்மாவுக்குப் பல் ஆடத் தொடங்கிய அதே வயது. கன்னத்தில் புகையிலையை அடக்குவதிலும் அம்மா மாதிரியேதான்.

அதனால்தான் அக்கா இருக்கும் எங்கள் பழைய தெருவில் முகாம் போடலாம் என்று டாக்டரிடம் நச்சரித்தேன். மீனவர் குடியிருப்பு, ஆய்வுக்கு நல்லது என்றெல்லாம் அளந்தேன். பாதி பொய். எனக்கு அக்காவின் எச்சில் வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். குதித்தாள்.

"எச்சிலா? முடி, நகம், எச்சிலு, காலடி மண்ணு, இதெல்லாம் வெளியாளுக்குக் குடுக்கலாமாடி? எவனாவது எதுனா செஞ்சி வெச்சிட்டான்னா?"

"காலேஜ்ல எவன்கா செய்வினை வெப்பான்?"

"படிச்சவன் இன்னும் ஷோக்கா வெப்பான்."

நான் கோபித்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "உன் டாக்டரம்மாவ கூட்டினு வா. நம்ம தெருவே துப்பும்." எப்படி மனசு மாறியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வலை பின்னுகிற கொட்டகையில் முகாம் போட்டோம். ஏலமெல்லாம் முடிந்து பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். எங்கள் ஐஸ் பெட்டியில் ஐஸ் குறைந்ததும் அக்கா ஒரு கூடை நொறுக்கிய ஐஸைக் கொண்டுவந்து கொட்டினாள். "ஐஸுக்கா பஞ்சம் இங்க? எச்சிலப் போயி மீன் மாதிரி ஐஸ்ல வெக்கிறியே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வாரம் அந்தப் பெட்டி ஆய்வுக்கூடத்தில் காசிமேட்டு வாசம் வீசிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நடந்ததை எங்களால் நம்ப முடியவில்லை. மற்ற இடங்களில் ஐந்து நிமிடம் தலையைக் குனிந்திருந்தாலும் டியூபின் அடியைத் தொடும் அளவுக்குத்தான் எச்சில் சேரும். இங்கே ஒவ்வொருத்தியும் உட்கார்ந்து நிமிர்வதற்குள் டியூப் நிறைந்தது.

"என்னங்க இது, இவ்வளவு ஊறுது!" என்றார் டாக்டர்.

"கடல் தண்ணி குடிச்சு வளந்த ஜனம் டாக்டர்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒரு கோடு. ஒரு கோடு. ஒரு கோடு. புகையிலை போடுகிறவர்கள், பல் கறுத்தவர்கள், எல்லோருக்கும் ஒரே கோடு. அக்காவின் பட்டை வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் ஒரு கோடு! அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். "எட்ட போடி, மீன் கவிச்சி," என்று தள்ளிவிட்டாள். தெருமுனைக் கடையில் ஜாங்கிரி வாங்கிக் கொட்டகை முழுக்கக் கொடுத்தேன்.

டாக்டருக்கு அதைவிட அதிக பரவசம். மீன் சாப்பிடுவதுதான் இவர்கள் ஈறைக் காப்பாற்றுகிறதோ என்று ஆட்டோவிலேயே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். நானும் ஒரு வாரம் கல்லூரி வராண்டாவில் என்னமோ நானே மீன் பிடித்து அவர்கள் ஈறைக் காப்பாற்றியது மாதிரி நடந்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள், அடுத்த தெருவில் இரண்டாவது முகாம். எனக்குப் பேருந்து கிடைக்கத் தாமதமாகிவிட்டது. ஓடி வந்து பார்த்தால் வரிசை ஏற்கெனவே நிற்கிறது. வரிசையின் தலைமாட்டில் என் அக்கா. மடியில் ஒரு காகிதப் பொட்டலம். வருகிற ஒவ்வொரு பெண்ணின் உள்ளங்கையிலும் கோயில் பிரசாதம் போல எதையோ வைக்கிறாள். அவர்கள் வாயில் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள்.

"இன்னாக்கா குடுக்குற?"

"உப்பு," என்றாள் சாதாரணமாக. "ஆளுக்கு ஒரு கல்லு. நாக்குக்கு அடில வெச்சிகினு துப்பணும். அன்னிக்கி நம்ம தெருவுக்கும் குட்த்தேனே."

நாக்கடியில் உப்பு! டியூப் நிறைந்தது கடல் தண்ணீரால் இல்லை. கல்லுப்பு பட்டால் யாருக்குத்தான் வாய் ஊறாது? ஊறி ஊறி, பட்டை தேடுகிற அந்த நொதி வெள்ளத்தில் கரைந்து நீர்த்துப் போயிருக்கிறது. தெருவுக்கே ஒரு கோடு. அக்காவுக்கு ஒரு கோடு. நான் வாங்கிக் கொடுத்த ஜாங்கிரி.

"உனக்கு எதுனா அறிவு கீதா?" என்று கத்தினேன். என் வாயிலும் அந்த நேரத்தில் எங்கள் தெருதான் வந்தது. "எவ்ளோ பேஜாரு பண்ணி வெச்சிருக்க தெரியுமா? ஏன்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வுட்டுருப்பியா?" அவள் குரல் என்னுடையதைவிடப் பெரியது. வரிசையே திரும்பிப் பார்த்தது. "உப்பு போட்டுத்தான திருஷ்டி கயிக்கிறோம்? எச்சில்ல உப்பு கீதுன்னா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நீ கூப்ட்டன்னு ஒரு தெருவயே துப்ப வெச்சேன். சொம்மா துப்ப வெப்பனா? நாளைக்கு ஒருத்திக்கு ஒரு காய்ச்ச வந்தாலும் என்னத்தான கேப்பாளுங்க? உன்னயா கேப்பாளுங்க?"

அவள் என் வேலையைக் கெடுக்கவில்லை. எனக்காகவும் தெருவுக்காகவும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறாள். ஏலத்தில் செய்வதையேதான் இங்கேயும் செய்திருக்கிறாள். அது புரிந்ததும் என் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் வேறொரு கேள்வி வந்து நின்றது. அப்படியானால் அக்காவின் உண்மையான பட்டை என்ன?

டாக்டரிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். கொட்டகை ஓரத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அக்காவின் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"சாம்பார்ல ஒரு குடம் தண்ணிய ஊத்திட்டு, இந்த ஊர்ல யாருமே காரம் சாப்பிடறதில்லைன்னு நான் நாளைக்குப் பேசப் போயிருப்பேங்க!" என்றார். கூட்டத்தில் காட்டப் போனில் தயாராக வைத்திருந்த படங்களை அங்கேயே அழித்தார். பிறகு அக்காவிடம் போய் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, உப்பு வேண்டாம்னு நான் சொல்லல. எப்ப போடறதுன்னு பேசுவோமா?"

அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. பேரம் என்றால் அவள் விடுவாளா? பரிசோதனை முடிந்ததும் மிச்ச எச்சிலைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊற்றி அழிப்பது எங்கள் வழக்கம் என்று டாக்டர் சொன்னார். "அத்த நாங்க எப்டி நம்பறது?" என்றாள் அக்கா. கடைசியில் இப்படி முடிவானது: துப்பும்போது வாயில் ஒன்றும் இருக்கக் கூடாது. பட்டை பார்த்து முடிந்ததும் அவரவர் கல்லுப்பை அவரவர் கையாலேயே மிச்ச டியூபில் போடலாம். கல்லூரிக்கு எடுத்துப் போகிற பங்குக்கும் அழிக்கும்போது உப்பு விழும், டாக்டர் சத்தியம். இன்றைக்கும் எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் பிளீச்சிங் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் கல்லுப்பு இருக்கிறது. புதிதாக வருகிற மாணவர்கள் எதற்கு என்று கேட்பார்கள். விதிமுறை என்று சொல்வேன்.

உப்பு வாங்கியவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் புகையிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தாள். நேரம் ஆனதும் முதல் ஆளாக அவளே வந்தாள். தலையைக் குனிந்தாள். எல்லோரையும் போல ஐந்து நிமிடம் ஆனது, எல்லோரையும் போலக் கொஞ்சம்தான் சேர்ந்தது. பட்டையில் சொட்டுவிட்டேன். முதல் கோடு வந்தது. நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சிவப்பாக இரண்டாவது கோடு வந்து நின்றது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! ரெண்டு கோடா? இந்த வயசுலயா?" கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவளும் நிறுத்திவிட்டாள்.

"அம்மா மாதிரியாடி?" என்று கேட்டாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

டாக்டர் அவள் உதட்டை விலக்கிக் கைக்கண்ணாடியில் காட்டினார். "இங்க பாருங்க அக்கா, ஈறு ஓரமெல்லாம் சிவந்திருக்கு."

"செவப்பா இருந்தா நல்லதுதான டாக்டரம்மா?" அக்கா நிஜமாகவே குழம்பிப் போனாள். "செவுளு செவப்பா இருந்தாத்தான் மீனு ஃப்ரெஷ்ஷு. வெளுத்துப் போனா நாங்க தொடவே மாட்டோம். நான் டெய்லி கண்ணாடில பாத்துட்டு, நல்லா செவப்பா கீதுன்னு சந்தோசமா கீறேன்."

அவள் சொன்னதைக் கேட்டு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெரு முழுக்க, காலம் காலமாக, கண்ணாடியில் பார்த்து ஏமாந்திருக்கிறது. மீனுக்குச் சரியாக இருந்த கணக்கை மனுஷனுக்கும் போட்டிருக்கிறோம். அம்மாவும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

"மீனுக்கு செவுள் மூச்சு விடறதுக்கு," என்றார் டாக்டர் பொறுமையாக. "நமக்கு ஈறு செவந்தா அது சண்டை நடக்கிற இடம். இளஞ்சிவப்பா இருக்கணும், சுறாக்குட்டி வயிறு மாதிரி." சுறாக்குட்டி வயிறு இளஞ்சிவப்பா என்று எனக்குத் தெரியாது, ஈரோட்டுக்காரருக்கு நிச்சயம் தெரியாது. ஆனால் அக்கா ஏற்றுக்கொண்டாள்.

கல்லூரிக்கு அழைத்துப் போனோம். கம்பி விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தை விளக்கில் வைத்துப் பார்க்கும்போது டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "எலும்பு இப்பத்தான் லேசா இறங்க ஆரம்பிச்சிருக்கு. ஒரு பல்கூட ஆடல. இப்பவே பிடிச்சுட்டோம், நிறுத்தப் பாக்கலாம்," என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை. அம்மாவுக்கு நாங்கள் கடைசிப் பல் விழுந்த பிறகு கவலைப்பட்டோம். அக்காவுக்கு முதல் பல் ஆடுவதற்கு முன்பே ஓடி வந்துவிட்டோம்! இதற்காக எத்தனை தெரு எச்சில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தோன்றியது.

எங்கள் தெருவுக்கும் உப்பில்லாமல் மறுபடி பட்டை பார்த்தோம், இன்னும் சிலருக்கும் இரண்டு கோடு வந்தது. அவர்களையும் அக்காவே அதட்டி அழைத்து வந்தாள்.

ஈறுக்கடியில் சுத்தம் செய்வது பல தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா என் கையை நசுக்கினாள். அதைவிடப் பெரிய பாடு புகையிலை. முதல் வாரம் மாமாவைத் திட்டினாள், பிள்ளைகளைத் திட்டினாள், ஐஸ் லாரியைத் திட்டினாள், காலை ஏழு மணிக்குப் போன் போட்டு என்னையும் திட்டினாள். கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு சமாளித்தாள். "நம்ம வம்சத்துப் பல்லே இப்டித்தான்டி, வுட்டுடேன்," என்று ஒருநாள் அழுதாள். வம்சத்துக்கும் பங்கு இருக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் வம்சத்தைத் துப்ப முடியாது, புகையிலையைத் துப்பலாம். அதைத்தான் அவளிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் மிச்சப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னாளாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் பட்டை பார்க்க வேண்டும். அக்காவுக்கு அன்றைக்கு வேலை இருந்தது, விட மாட்டேன் என்றாள். "வேணும்னா நீங்க வாங்க, ஹார்பருக்கு." நானும் டாக்டரும் காலையிலேயே ஐஸ் பெட்டியோடு காசிமேட்டுக்குப் போனோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. படகு அணைவதற்குள் அக்கா ஒரு ஓரமாக உட்கார்ந்து, தலையைக் குனிந்து, டியூபில் எச்சிலை வழியவிட்டாள். வாயில் உப்பில்லை. என்னிடம் டியூபை நீட்டிவிட்டு, கல்லுப்பை என் உள்ளங்கையில் வைத்தாள். "முட்ஞ்சதும் மறக்காத போடு." கூடைகள் இறங்குகிற சத்தம் கேட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றுவிட்டாள்.

ஐஸ் பெட்டியின் மூடியில் பட்டையை வைத்து நானும் டாக்டரும் குனிந்துகொண்டோம். பின்னால் ஏலம் தொடங்கிவிட்டது. முதல் கோடு வந்தது. காத்திருந்தோம். நிழல் தெரிகிறதா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். நேரம் முடிந்தது. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு!

"நல்லா வந்திருக்குங்க," என்றார் டாக்டர். "ஆனா கம்பி விட்டும் பாக்கணும், அப்பப்ப வரணும்..."

நான் எதையும் காதில் வாங்கவில்லை. உப்பை டியூபில் போட்டேன், எழுந்து ஓடினேன். வியாபாரிகளின் வட்டத்துக்குள் தோளால் இடித்துக்கொண்டு புகுந்தேன். நடுவில் அக்கா, காலடியில் ஒரு கூடை. அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு விரலைக் காட்டினேன். ஒரு கோடு!

அக்கா பார்த்தாள். ஒரு நொடி அவள் வாய் அப்படியே நின்றது. கண் நிறைந்தது. பிறகு வாயை அகலத் திறந்தாள், முன்பல் எல்லாம் தெரிய.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே விரலை இன்னும் மேலே தூக்கினேன். "மூணு தரம்!" ஒவ்வொரு 'த'வும் பல்லில் பட்டு, ஐஸ் லாரி வரைக்கும் கேட்கிற மாதிரி விழுந்தது.

வட்டத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் என் விரல் எங்கே நிற்கிறது என்று எனக்கு உறைத்தது. சட்டென்று கீழே இறக்கினேன். அதற்குள் இரண்டு பேர் கூடையைத் தூக்கி என் காலடியில் வைத்துவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். கூடை நிறையக் கவலை மீன்.

"யாருக்குக்கா போச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு வியாபாரி கேட்டார்.

"என் தங்கச்சிக்கு!" என்றாள் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வாயை மூடவில்லை. "என் கவலய மொத்தமா அவளே வாங்கிகினா!"